ஒரு அம்பாசிடரும் இன்னொரு அம்பாசிடரின் எஞ்சினும்

அம்பாசிடர் காரின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே எஞ்சினைவிடக் காலி இடம்தான் அதிகம். மெக்கானிக் மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே தொங்கப் போட்டு, டீ கிளாஸை பேட்டரி மேல் வைத்துவிட்டு நிதானமாக வேலை பார்ப்பார். இன்றைய கார்களில் பானெட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான் தெரிகிறது. அதற்குக் கீழே விரல் நுழையாது. அம்பாசிடரில் ஆளே நுழையலாம்!

அந்தக் காலி இடம் பலவிதங்களில் உதவியது. முக்கியமாக, எஞ்சினை மாற்றுவதற்கு. இதை முதலில் செய்தது மெக்கானிக்குகள் அல்ல, கார் செய்த கம்பெனியேதான். கொல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் அம்பாசிடர் வரத் தொடங்கியபோது அதில் இருந்தது பழைய பக்கவாட்டு வால்வு எஞ்சின். ஓரிரு வருடத்திலேயே அதைத் தூக்கிவிட்டு, வால்வுகள் தலைக்கு மேல் இருக்கும் 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சினை வைத்தார்கள். இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்தது அது. அதே எஞ்சின் அங்கே எம்.ஜி.ஏ. என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது என்றால் அம்பாசிடர் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். 1980 வாக்கில் டீசல் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசூ வடிவமைத்த 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை உற்பத்தியை நிறுத்தும்வரை முன்விளக்கு, கிரில், டாஷ்போர்டு என்று கொஞ்சம் கொஞ்சம் மாறினாலும், ஊரார் கண்ணுக்கு அது ஒரே கார்தான். எஞ்சின் மாறியது பலருக்குத் தெரியவே தெரியாது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ கம்பெனிக்கு விற்றார்கள். காரும் இல்லை, எஞ்சினும் இல்லை, வெறும் பெயர்!

ஆக, எஞ்சின் மாறினாலும் கார் அதே கார்தானா? கேட்க வேடிக்கையான கேள்வி. கம்பெனிக்கு அது எளிது, லட்சம் வண்டி செய்பவனுக்கு எல்லாம் பாகம்தான். ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவனுக்குத்தான் சிக்கல்.

வெளிநாட்டில் பழைய கார் சேகரிப்பவர்கள் இந்த விஷயத்தில் மிகக் கறார். ஆலையிலிருந்து வந்தபோது இருந்த எஞ்சின் நம்பரும் இன்று காரில் இருக்கும் எஞ்சின் நம்பரும் ஒன்றாக இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. திருவாரூர்க்காரர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். ஆழித்தேர் முழுக்க மரத்தில் ஓடிய தேர். பிறகு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தியது. "இது பழைய தேர் இல்லை" என்று வடத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனவர் யாரும் கிடையாது. வடம் பிடிப்பவர்களுக்குத் தேர் என்பது சக்கரத்தில் இல்லை.

அந்தத் திருவாரூருக்குப் பக்கத்தில், மன்னார்குடியில் ஒருவரிடம் 1984-ல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 4 இருக்கிறது. பெட்ரோல் வண்டி. இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர், பாலிசி பிடிப்பதற்காகச் சுற்றாத கிராமம் இல்லை. அதற்கு முந்தைய வருடக் கடைசியில்தான் மாருதி 800 வந்திருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் அதற்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். வயல் ரோட்டில் அது தாங்காது என்று இவர் அம்பாசிடர் எடுத்தார். சொன்னது சரியா தவறா என்று இப்போது பேசிப் பயனில்லை, மாருதியும் தாங்கத்தான் செய்தது. ஆனால் மாருதியில் ஒன்பது பேர் போக முடியாது. இவர் வண்டியில் போயிருக்கிறார்கள். முன் சீட்டு ஒரே நீள பெஞ்சு. கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஹேண்ட் கியர். ஆகவே முன்னால் டிரைவரோடு மூன்று பேர், மடியில் ஒரு பிள்ளை. பெண் பார்க்கப் போனதும், பிரசவத்துக்குப் போனதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு இந்த வண்டியில்தான்.

2022 வைகாசியில் கும்பகோணத்தில் ஒரு முகூர்த்தம். நீடாமங்கலம் தாண்டி வலங்கைமானை நெருங்கும்போது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் பிளந்தது. அப்போதே நிறுத்தியிருந்தால் நூறு ரூபாய் ரப்பரோடு போயிருக்கும். ஓட்டியவர் மருமகன். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, ஏதோ வாடை வருகிறது, எதிரே போகிற லாரியின் வாடையாக இருக்கும் என்று மிதித்தார். வண்டி கொஞ்சம் இழுக்க மறுத்தது. இன்னும் மிதித்தார். பிறகு "டொக் டொக்" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரே ஒரு பெரிய சத்தம். அவ்வளவுதான். சாலையில் எண்ணெய்க் கோடு நூறடி நீளத்துக்கு. முகூர்த்தத்துக்கு எல்லோரும் டவுன் பஸ்ஸில் போனார்கள், வண்டி டிராக்டர் பின்னால் கயிறு கட்டி மன்னார்குடிக்கு வந்தது.

பட்டறையில் பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். முப்பது வருடமாக இந்த வண்டியைப் பார்க்கிறவர். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாரே தவிரப் பேசவில்லை.

"என்ன பாய்?"

"சார், கனெக்டிங் ராடு வெளிய எட்டிப் பாக்குது."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிஸ்டன் மேலும் கீழும் போகிறது, கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது, இரண்டையும் இணைப்பது கனெக்டிங் ராடு. ராடு கிராங்கைப் பிடித்திருக்கும் இடத்தில் இருப்பது சைக்கிளில் இருப்பதுபோல உருண்டைகள் உள்ள பேரிங் அல்ல, அரைவட்டமாக வளைத்த இரண்டு மெல்லிய தகடுகள். அந்தத் தகடு கிராங்கைத் தொடவே கூடாது. நடுவில் தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் அழுத்தத்தோடு நிற்கும், இரும்பு அதன்மேல் மிதக்கும். தண்ணீர் போய் எஞ்சின் கொதித்தால் ஹெட் கேஸ்கெட் விடுகிறது. மிச்சமிருக்கும் தண்ணீர் எண்ணெயோடு கலக்கிறது. சூட்டில் எண்ணெயும் நீர்த்துப் போகிறது. படலம் உடைகிறது. தகடு தேய்ந்து, உருகி, இழுபட்டு, ராடு ஆட ஆரம்பிக்கிறது. அந்த ஆட்டம்தான் "டொக் டொக்". அந்த நேரத்தில் நிறுத்தினால்கூட கிராங்கைக் கடைந்து எடுத்துச் சமாளிக்கலாம். நிறுத்தாவிட்டால் ராடு போல்ட் அறுந்து, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் கிராங்க் அந்த ராடைத் தூக்கி பிளாக்கின் சுவரில் அடிக்கும். வார்ப்பிரும்புச் சுவர் வளையாது, உடையும். இவர் வண்டியில் மூன்றாவது சிலிண்டருக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பாய் ஆயில் மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் வெண்ணெய் தடவியதுபோல எண்ணெயும் தண்ணீரும் கலந்த கூழ்.

மருமகன் ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. மாமனார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய தண்டனை.

பெங்களூரில் இருக்கும் மகன் போனில் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. "அப்பா, அந்த வருஷம் ஏப்ரல்லேருந்து பழைய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாய் இருந்ததை 5,000 ஆக்கிட்டான். இன்னும் ஏத்துவான். எஞ்சினுக்குச் செலவு பண்ற காசுல ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கிடலாம். ஏசி இருக்கும், பவர் ஸ்டியரிங் இருக்கும். அம்மாவுக்கு முட்டி வலி வேற." கணக்கில் பிழை இல்லை. பழைய காரைப் பழுது பார்ப்பவர்கள் எவரும் கணக்குப் பார்த்துச் செய்வதில்லை. பார்த்தால் முதல் பக்கத்திலேயே நின்றுவிடும்.

உடைந்த பிளாக்கை ஒட்டவைக்கலாமா என்று கேட்டார். ஒட்டலாம். வார்ப்பிரும்பை மெதுவாகச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் வெல்டிங் வைத்து, மெதுவாகவே ஆறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதிதாக விரிசல் ஓடும். தண்ணீர் ஓடும் சுவரில் சின்ன விரிசல் என்றால் சரி. இது கிராங்கைத் தாங்கும் இடத்துக்குப் பக்கம். அந்த பிளாக்கில் கிராங்க் உட்காருவது மூன்றே மூன்று இடத்தில். அந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் புது பேரிங்கும் மாதக் கணக்கில்தான். பாய் வேண்டாம் என்றார்.

அடுத்தது இசுசூ. அம்பாசிடர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் இந்தப் பெயர் வந்துவிடும். பழைய எஞ்சின் ஐம்பது சொச்சம் குதிரைத்திறன், இசுசூ 75-ஐ ஒட்டி வரும். ஐந்து கியர், சத்தம் குறைவு. ஒரு உள்ளூர் பட்டறைக்காரர் இசுசூ எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்த்துத் தருவதாக ஆள் அனுப்பினார். விலையும் பரவாயில்லை.

ஆனால் எஞ்சினை மாற்றுவது என்பது எஞ்சினோடு நிற்பதில்லை. புது எஞ்சினுக்கு மவுண்டிங் வேறு இடத்தில் வரும், பழையதை அறுத்து வெல்டிங் வைக்க வேண்டும். கியர்பாக்ஸ் நீளம் வேறு, ஆகவே புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டிச் சமநிலை பார்க்க வேண்டும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். இத்தனையும் செய்து வேகம் கூடினால், நாலு சக்கரத்திலும் இருக்கும் டிரம் பிரேக் அந்த வேகத்தை நிறுத்துமா? எல்லாவற்றுக்கும் மேல், இசுசூவின் கியர் தரையில். தரையில் ஓட்டை போட்டு, பெஞ்சு சீட்டைக் கழற்றிவிட்டுத் தனித்தனி சீட்டு போட வேண்டும்.

அவர் மனைவி அதுவரை எதுவும் பேசவில்லை. முன் சீட்டை எடுப்பார்கள் என்றதும், "அப்ப நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டார். முப்பத்தெட்டு வருடமாக அவர் உட்காருவது நடுவில். ஜன்னல் பக்கம் யாராவது ஒரு பேரன், பேத்தி. இசுசூ அத்தோடு முடிந்தது.

(சட்டமும் ஒரு காரணம். தயாரித்தவர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு அலுவலகம் ஏற்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த வீட்டில் தீர்ப்பு சொன்னது முன் சீட்டுதான்.)

மிச்சமிருந்தது ஒரே வழி. அதே 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், இன்னொரு அம்பாசிடரிலிருந்து. புதிதாக எங்கும் கிடைக்காது. ஒரு எஞ்சின் கிடைக்க வேண்டுமானால் எங்கோ ஒரு வண்டி உடைக்கப்பட்டிருக்க வேண்டும். வழியிலேயே அவருக்கு இது தெரியும். நேரில் பார்த்தபோதுதான் உறைத்தது.

மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து புதுப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். கூவத்துக் கரையை ஒட்டிய தெருக்களில் இருபக்கமும் கதவுகள் ஒரு கடை, டயர் ஒரு கடை, ஸ்டியரிங்குகள் வளையல்போலக் கோத்துத் தொங்கும் ஒரு கடை. பிரித்த கார்கள்தான் அங்கே சரக்கு. எந்த வண்டியின் எந்தப் பாகம் எந்த வண்டிக்கு ஆகும் என்று அங்கிருக்கும் பையன்களுக்கு மனப்பாடம். பொறியியல் கல்லூரி நான்கு வருடத்தில் கற்றுக்கொடுக்காததை நான்கு மாதத்தில் கற்றுக்கொள்கிறார்கள். மிகை இல்லை, மெக்கானிக்கல் படிக்கும் யாரும் ஒருநாள் போய்ப் பார்க்கலாம்.

பாயும் அவரும் ஒரு பகல் முழுக்க அலைந்தார்கள். டீசல் எஞ்சின்கள் இருந்தன, இசுசூ இருந்தது. பழைய பெட்ரோல் கேட்டால், "அது வர்றதே இல்ல சார்" என்றார்கள். மூன்று மணிக்கு மேல் ஒரு சந்துக்குள் ஒருவர் கூட்டிப்போனார். தரையில் சாக்கு விரித்து எஞ்சின் படுத்திருந்தது. பாய் முதலில் நம்பரைத் தேய்த்துப் பார்த்தார், அடித்துத் திருத்தியதுபோல இல்லை. நாலு பிளக்கையும் கழற்றினார். ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, முன்னால் ஸ்பேனர் போட்டுச் சுற்றச் சொன்னார். விரலைத் தள்ளும் காற்று நாலு சிலிண்டரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கும் பழைய முறை. இரண்டாவது கொஞ்சம் சோம்பல், மற்றது தேவலை. கிராங்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். அடியில் ஆயில் கிண்ணத்தைக் கழற்றி விரலால் துழாவினார். இரும்புத்தூள் இல்லை.

"கவர்மெண்ட் வண்டி சார். ஏலத்துல எடுத்தது. டிரைவர் நல்லா வெச்சிருந்தான்" என்றார் கடைக்காரர். பக்கத்திலேயே அந்த வண்டியின் மிச்சம் இருந்தது. வெள்ளை நிறம். கூரையைப் பாதி அறுத்தாகிவிட்டது. கதவுகள் போய்விட்டன. பின் சீட்டு மட்டும் இருந்தது, அதன் முதுகில் அதிகாரிகள் வண்டியில் போடுவார்களே அந்த வெள்ளை டர்கி டவல், அழுக்கேறி, இன்னும் மடிப்புக் கலையாமல். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாய் இரண்டு முறை கூப்பிட்டார். "இது எந்த ஆபீஸ் வண்டி?" என்று கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. இன்னா சார், எஞ்சின் வோணுமா வோணாவா?

38,000-க்குப் படிந்தது. பில் போட்டுக் கொடுத்தாக வேண்டும், அந்த வண்டியின் ஏலக் காகித நகலும் வேண்டும் என்பதில் பாய் உறுதியாக இருந்தார். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத எஞ்சின் திருட்டு எஞ்சினாகிவிடலாம். பார்சல் லாரியில் மூன்றாம் நாள் மன்னார்குடி வந்து சேர்ந்தது.

வாங்கியதை அப்படியே தூக்கி மாட்டுவது ஒரு ரகம். பாய் அந்த ரகம் இல்லை. முழுக்கப் பிரித்தார். சிலிண்டரின் அசல் விட்டம் 73 மில்லிமீட்டர் சொச்சம். முன்பே ஒருமுறை போர் பண்ணி, பெரிய பிஸ்டன் போட்டிருந்தார்கள். இன்னும் ஒரு அளவு பாக்கி இருந்தது. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் இருபது, நாற்பது என்று பிஸ்டன் அளவு ஏறும். கடைசி அளவும் முடிந்தால் ஸ்லீவ் அடிக்க வேண்டும். தஞ்சாவூர் லேத்தில் போர் பண்ணி, கிராங்கைக் கடைந்து, ஹெட்டைச் சமமாகத் தேய்த்து வாங்கினார்கள். ஹெட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு மெத்தைபோல இருந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து இந்தியா முழுக்க ஈயமில்லாத பெட்ரோல். மெத்தை போனதும் வால்வு தன் இருக்கையையே கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்துகொண்டு உள்ளே போகும். அதனால் கடினமான உலோக வளையங்களை வைத்து அழுத்தினார்கள். பெட்ரோல் வரும் ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினார் பாய். அப்போது பெட்ரோலில் எத்தனால் பத்து சதம், பிறகு இருபது. பாய் சொன்னது சரியாகப் போயிற்று.

பழைய எஞ்சினிலிருந்து எது தேறும்? பாய் ஒரு தட்டில் எடுத்து வைத்தார்: கார்புரேட்டர், டைனமோவைத் தூக்கிவிட்டு என்றோ போட்ட ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ராக்கர் மூடி. மூடியில் மகன் ஆறாவது படிக்கும்போது ஆணியால் கிறுக்கிய முதலெழுத்து இருந்தது. அதற்கு நல்ல அடி வாங்கியிருக்கிறான். "புதுசுல இருக்கிற மூடி நல்லாருக்கு சார், பெயிண்ட் போகல" என்றார் பாய். இவர் பழையதைத்தான் போடச் சொன்னார்.

எஞ்சினை இறக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பானெட், ரேடியேட்டர் எல்லாம் கழற்றி, பட்டறை வேப்பமரத்தில் செயின் புல்லி கட்டி, கியர்பாக்ஸோடு சேர்த்துச் சாய்வாக உள்ளே விட்டார்கள். கிளட்ச் பிளேட்டை நடுவாக நிறுத்தப் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றைப் பாய் கருவியாக வைத்திருக்கிறார், கம்பெனிக் கருவியைவிட அது மேல் என்பது அவர் கட்சி. வால்வு இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து. அதை மட்டும் எஞ்சின் ஆறியிருக்கும்போது தானே உட்கார்ந்து வைத்தார், பையன்களை விடவில்லை. பிறகு பிளக் இல்லாமல் ஹேண்டில் போட்டுச் சுற்றி, எண்ணெய் எல்லா இடமும் ஏறட்டும் என்று விட்டார்கள். பிளக் மாட்டி ஸ்டார்ட் பண்ணியதும் பெரிய வெடிச்சத்தம், வேப்பமரத்துக் காக்கை எல்லாம் போய்விட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்றுத் திரும்பி உட்கார்ந்திருந்தது. இந்த எஞ்சினில் நெருப்புப் பிடிக்கும் வரிசை 1, 3, 4, 2. அரைச் சுற்று மாறினால் வால்வு திறந்திருக்கும் சிலிண்டரில் பொறி விழும். சரிசெய்து மறுபடி திருகியதும் பிடித்துக்கொண்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சத்தம் வேறாக இருந்தது. அதே எஞ்சின், அதே கார்புரேட்டர், அதே சைலன்சர். ஆனால் வேறு. பழையது ஐடிலில் ஒரு துள்ளு துள்ளும், ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை விக்கல்போல. அது குறைதான். எத்தனையோ முறை பாய் அதைச் சரிசெய்யப் பார்த்து முடியாமல் விட்டது. புதியதில் அது இல்லை, சீராக ஓடியது. மெக்கானிக் கண்ணுக்கு இது முன்னேற்றம். வீட்டுக்கு ஓட்டிப்போய் வாசலில் நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் மனைவி கதவைத் திறந்தார். முன்பெல்லாம் தெருமுனை திரும்பும்போதே அடுக்களையில் தெரிந்துவிடும், உலையை இறக்கிவிட்டு வந்து கதவைத் திறந்து நிற்பார். "நம்ம வண்டின்னு தெரியலைங்க, யாரோன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் வரை ஐம்பதுக்கு மேல் போகாதீர்கள் என்று பாய் சொல்லியிருந்தார். நாற்பதிலேயே ஓட்டினார். ஐந்நூறில் ஒருமுறை எண்ணெய் மாற்றியாயிற்று, ஆயிரத்தில் ஒருமுறை ஹெட் போல்ட் இறுக்கியாயிற்று. நடுவில் மருமகன் வந்தார். சாவியை அவரிடம் கொடுத்து, "போய்ப் பெட்ரோல் போட்டுட்டு வாங்க மாப்ள" என்றார். மருமகன் திரும்பி வந்ததும் முதலில் செய்தது பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்த்தது. மூன்று மாதம் போனது. ஒருநாள் சாயங்காலம் அவர் தெருமுனை திரும்பும்போது வாசல் கதவு திறந்திருந்தது.

எஞ்சின் மாறினால் பதிவு அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். காரை அடையாளம் காட்டுவது சேசிஸ் நம்பர், அது அப்படியே இருக்கும். எஞ்சின் நம்பர் மட்டும் மாறும். எஞ்சின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரை எடுத்து, பில்லோடும் ஏலக் காகிதத்தோடும் சேர்த்துக் கொடுத்தார். நாலு தடவை நடந்தார். ஐந்தாவது தடவை வேலை முடிந்தது. எங்கோ ஏதோ அலுவலகத்து அதிகாரியைச் சுமந்த எஞ்சினின் நம்பர், 1984-ல் எழுதிய அவர் பெயருக்குக் கீழே ஏறியது.

உடைந்த பிளாக்கை இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்கில் கேட்டார். அவர் கொடுக்கவில்லை. கொட்டகையில் கிடக்கிறது. பாய் தன் பட்டறையில் இன்னொரு பி-சீரிஸ் ஹெட்டை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறார், எங்கே கிடைத்தது என்று சொல்ல மாட்டேன் என்கிறார். 2024-ல் வண்டி எஃப்.சி.க்குப் போய்வந்தது. மகன்தான் பெங்களூரிலிருந்து 5,000 ரூபாயும் ஆன்லைனில் கட்டினான். அடுத்த புதுப்பிப்பு 2029-ல். அவருக்கு அப்போது 83 ஆகும்.